செருப்புப் போக்குவரத்து

ஆறு மணிக்குள் ஏழு பேர் போய்விட்டார்கள்.
விதுலாவை அவள் அப்பா
ரெயின்கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போனார்.
"நாளைக்கும் நான்தான் டாக்டர்" என்று
ஜெரோம் படிக்கட்டிலிருந்து கத்தினான்.

மிச்சம் ஹஃப்ஸா.
மூன்று வயது, நான்கு மாதம்.
விரலிடுக்கில் காய்ந்த மாவு.
மதியம் எல்லோரும் கோதுமை மாவில் பாம்பு செய்தோம்.
அவள் பாம்புக்கு மட்டும் கால்கள்.
ஏன் என்றதற்கு
"இது மெதுவா போற பாம்பு" என்றாள்.

வேளச்சேரியில் மழையென்றால்
எங்கள் தெருவுக்குத்தான் முதல் தகவல்.
கீழ்வீட்டுக்காரர் காரைக் கொண்டுபோய்
மேம்பாலத்தில் விட்டுவிட்டு
நடந்தே திரும்பிவிட்டார்.
நஸ்ரின் அனுப்பிய வரைபடத்தில்
ஒரு நீலப் புள்ளி
சோழிங்கநல்லூர் சிக்னலில்
இருபது நிமிடமாக நிற்கிறது.
மூன்று முறை 'சாரிக்கா' வந்துவிட்டது.

ஆறரைக்கு மேல்
அரைமணிக்கு ஐம்பது ரூபாய்
என்று சுவரில் ஒட்டியவள் நான்தான்.
அந்தக் காகிதத்தின்மேல் யாரோ
பச்சை க்ரேயானில் மழை வரைந்திருக்கிறார்கள்.
ஐம்பது தெரியவில்லை.

"அம்மா எங்க?"
போனைக் காட்டினேன்.
புள்ளியைத் தொட்டாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
அழியவுமில்லை, வரவுமில்லை.
உதடு பிதுங்கப்போகிறது என்று
பால் காய்ச்சலாமா, பல்லி தேடலாமா என
பன்னிரண்டு வருட அனுபவத்தைத்
துழாவிக்கொண்டிருந்தேன்.
அவள் எழுந்து
செருப்பு ஸ்டாண்டுக்குப் போனாள்.

என் பாத்ரூம் செருப்பு, தண்ணி லாரி.
போன மாதம் ஜெரோம் விட்டுப்போன ஒற்றை ஷூ,
ஷேர் ஆட்டோ. அதில் நாலு க்ரேயான் ஏறின.
ஐந்தாவதை
"எடம் இருக்கு, தள்ளி உக்காரு" என்று அமுக்கினாள்.
என் வீட்டுக்காரர் செருப்பு பஸ்;
கால் அவ்வளவு பெரிது.
மிதியடியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை
ஒன்றன் வாலில் ஒன்று முட்ட நின்றது வரிசை.
கடைசியாக அவளுடைய வெல்க்ரோ செருப்பில் இடது.
"இது அம்மா."
வலது?
அதை மிதியடிமேல் வைத்தாள்.
"இது நான். வந்து நிக்கிறேன்."

ஹாரன் எல்லாம் அவளே.
லாரிக்கு அடிவயிற்றிலிருந்து,
ஆட்டோவுக்கு மூக்கிலிருந்து.
சிவப்புக் கட்டை வைத்தால் யாரும் அசையக்கூடாது.
பச்சைக் கட்டையை எடுத்து நீட்டினேன்.
"இன்னும் இல்ல."
அம்மாவை மட்டும் தூக்கி
முன்னால் வைத்துவிடலாமே என்றேன்.
என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை.
"கார் பறக்காது ஆன்ட்டி."

பச்சை. ஒரு சாண்.
சிவப்பு.
பச்சை. லாரி நகர்ந்தது.
முட்டிபோட்டுப் பின்னால் வந்து ஆட்டோவை நகர்த்தினாள்,
பின்னால் வந்து பஸ்ஸை.
ஏழெட்டுச் செருப்பு ஒரு சாண் போக
எவ்வளவு நேரமாகும் என்று
இன்றுதான் பார்க்கிறேன்.
எண்கள் கற்றுத்தருவேன் என்றுதான்
பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன்.
ஆறுக்கு அப்புறம் எட்டு என்று எண்ணினாள்.
நான் திருத்தவில்லை.
கரண்ட் போனது.
எமர்ஜென்சி லைட்டைக் கொண்டுவந்தேன்.
"டோல்கேட்" என்றாள்.

ஏழேமுக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது.
நஸ்ரின்.
முட்டிவரை சேறு, தலைமேல் லேப்டாப் பை,
செருப்பு கையில்.
"கண்ணு..." என்று குனிந்தாள்.

ஹஃப்ஸா நிமிரவில்லை.
"இரும்மா. நீ இன்னும் வரல."

இடது செருப்பு அப்போதுதான்
சாப்பாட்டு மேஜையைத் தாண்டியிருந்தது.
முன்னால் ஒரு லாரி, ஒரு பஸ்,
ஐந்து பேர் ஏறிய ஆட்டோ.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள்.
நான் லைட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.
வலது செருப்புக்குப் பக்கத்தில்
அவள் மிதியடியில் ஏறி நின்றாள்,
சொட்டச் சொட்ட,
பச்சை விழும்வரை.