எர்த் கோளாறு

ஒன்பதே முக்காலுக்கு இறுதி ஆட்டம் முடிந்தது.
தோற்ற பெண் மட்டையை உறைக்குள் போட்டு
ஜிப்பை இழுத்த சத்தம்
மேல் வரிசை வரை போய்த் திரும்பி வந்தது.

அதன் பிறகு அரங்கம் எங்களுடையது.
பதினோரு பேர்.
விடிவதற்குள் நான்கு பச்சைத் தளங்களைப் பெயர்த்து
பலகை விரித்து
மூவாயிரத்து இருநூறு நாற்காலி.
உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று
சற்றுமுன் சண்டை போட்ட வெள்ளைக் கோடு
பாயோடு பாயாகச் சுருண்டு
வெள்ளியங்கிரி தோளில் ஒரு முனையும்
என் தோளில் ஒரு முனையுமாகக்
கிடங்குக்குப் போகிறது.

கஞ்சிக்கோட்டு ஆடிக் காற்று
வாளையார் சோதனைச் சாவடியில் நிற்பதில்லை.
எங்கள் எட்டிமடைக்குப் போகும் வழியில்
இந்தத் தகரக் கூரையில் ஏறி இறங்கிவிட்டுப் போகும்.
ஆட்டம் என்றால் மேல் சன்னல்களைச் சாத்திவிடுவோம்.
இறகுப்பந்துக்கு ஒரு மூச்சுக் காற்றும் ஆகாது.
கச்சேரி என்றால் திறந்தாக வேண்டும்.
மூவாயிரம் பேர் வேர்ப்பார்கள்.

திறந்தோம்.
ம்ம்ம்ம் என்றது.

கொச்சியிலிருந்து வந்த ஷிபின்
காதில் கவசத்தோடு நிமிர்ந்தான்.
எர்த் கோளாறு என்றான்.
ஒரு கம்பியை உருவினான். ம்ம்ம்ம்.
இன்னொன்றை உருவினான்.
ஆளனுப்பி உப்பும் கரியும் கொண்டுவரச் சொல்லி
வெளியே குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினார்கள்.
"சேட்டா, கோளாறு பூமியில இல்லீங்க" என்று
மேலே கை காட்டினேன்.
என் கையைப் பார்த்தான்,
அதில் இருந்த துடைப்பத்தைப் பார்த்தான்,
அடுத்த கம்பிக்குக் குனிந்துவிட்டான்.

மைக்கில் எவனோ எண்ண ஆரம்பித்தான்.
ஒந்நு. ரண்டு. மூந்நு.
நானும் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாலு, அஞ்சு, ஆறு என்று போகப் போக
அவன் எண்ணுவது மலையாளமா
நான் எண்ணுவது தமிழா என்று
பிரிக்க முடியவில்லை.
ஏழு, எட்டு எல்லாம் எங்கள் வீட்டு எண்ணிக்கைதான்.
முப்பத்து நாலில் இருந்தேனா
நாற்பத்து மூன்றிலா?
அவன் விட்ட இடத்திலிருந்து
நான் எடுத்துக்கொண்டேன்.

நாலு மணி சுமாருக்குக்
கோயம்புத்தூர்ப் பக்கம் போகும் சரக்கு வண்டி
யானைக்குப் பயந்து மெள்ள ஊர்ந்து கடந்தது.
அது போன பின்னால்
காற்றும் படுத்துவிட்டது.
அப்போது ஷிபின் கையில் இருந்தது
பதினேழாவது கம்பி.
கண் மூடிக் கேட்டான். சத்தம் இல்லை.
அந்தக் கம்பியைச் சுருட்டி
குற்றவாளி போலத் தனியாக வைத்து
மேலே சிவப்பு நாடா ஒட்டினான்.
எங்கள் எல்லாருக்கும் கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தான்.
சர்க்கரை தூக்கலாக இருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் இரவு, இரண்டாம் பாட்டில்,
காற்று வந்தது.
கிடங்கில் பாய்களின் மேல் உட்கார்ந்திருந்தேன்.
மேலே மூவாயிரம் தொண்டை.
அதில் ம்ம்ம்ம் யாருக்குக் கேட்கும்?
தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
இருந்தது.
பல்லவிக்குப் பல்லவி நிற்காமல்
அது பாட்டுக்கு இருந்தது.

குஞ்ஞாமு மேஸ்திரி ஓடி வந்தார்.
ஒன்பது பேர் டிக்கெட்டோடு நிற்கிறார்கள்,
கொழிஞ்சாம்பாறைக்காரர்கள், சண்டைக்கு வருகிறார்கள்.
நாற்காலி எண்ணினது யார்?

பாதி நான் என்றேன்.
மீதி,
மைக்கைக் கேளுங்கள்.