பின்பக்கத்து விடைகள்

மிருதுளாவுக்கு இன்னும் ஒன்பது நாள்.
எனக்கு இன்றிரவும் வேலை,
சாங்கி சரக்குக் கிடங்கில், பதினோரு மணிக்கு.
நடுவில் கிடைக்கிற மூன்று மணி நேரம்
நான்தான் நிறுத்துகடிகாரம்,
நான்தான் யாரோ ஒரு கர்னல்.

"மணிக்கு முந்நூற்று அறுபது கிலோமீட்டர் வேகம்,
நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தூரம்..."
"ஏழு நிமிஷம்."
கேள்வியை முடிக்க விடு என்கிறேன்.
விமானம் காத்திருக்குமா என்கிறாள்.

சாப்பாட்டு மேசை முழுக்கப் பால் பெட்டிகள்.
வெட்டி விரித்து, பக்கங்களில்
புள்ளி, சிலுவை, அம்பு வரைந்து,
மனசுக்குள்ளேயே மடி என்பேன்.
அம்பு இப்போது எந்தப் பக்கம் பார்க்கும்?
அம்மா வந்து, பாலை எதில் ஊற்றினீர்கள் என்றாள்.
அந்த ஒரு கேள்விக்கு
இருவருக்கும் விடை தெரியவில்லை.

வலக்கையில் ஜாய்ஸ்டிக்.
பிடோக்கில் ஒரு பையனிடம் இருபது வெள்ளிக்கு வாங்கியது,
இடப்பக்கம் சாய்த்தால் கொஞ்சம் இழுக்கும்.
இடக்கையில் எண்பலகை.
நான் வாசிக்க வாசிக்க
ஒற்றைப்படை வந்தால் மட்டும் தட்ட வேண்டும்,
திரையில் நழுவும் குறியை
வட்டத்துக்குள் பிடித்து வைத்தபடி.
"லின் ஆன்ட்டி வீட்டுல பூண்டு கருகுது" என்றும் சொல்கிறாள்.
மூன்று வேலை போதாதாடி உனக்கு?

பிறகு அந்தப் புத்தகம்.
மூன்று வருடம் முன்பு நான் எனக்காக வாங்கியது.
பக்கத்துக்கு ஒரு வட்டம்,
வட்டம் நிறையக் குங்குமமும் கொத்தமல்லியும் சிந்தினாற்போல் புள்ளிகள்.
அப்படித்தான் சொல்கிறார்கள்.
எனக்கு அது நனைந்த சரளைக்கல்.

"எழுபத்தி நாலு."
பின்பக்கம் புரட்டுகிறேன். சரி.
"ஆறு."
புரட்டுகிறேன். சரி.
"நாப்பத்தஞ்சு" என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.
இந்த முகத்துக்கு என்ன தெரியும்,
இரு, புரட்டுகிறேன்.

அன்று எனக்குக் கணக்கு சரி, காது சரி,
உட்கார்ந்த உயரம், தொடை நீளம், எல்லாம் சரி.
நாலாவது வட்டத்தில்
பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது.
வெளியே வந்து வாண்டன் மீ சாப்பிட்டேன்.
ருசியாகத்தான் இருந்தது.

"ஏன் பறக்கணும்?" என்கிறார் கர்னல்.
இதுவரை பதினோரு பதில்.
முதல் நான்கில் நாடு வந்தது.
நேற்றுச் சொன்னாள்:
"ஹவ்காங்கில் யாரும் ஒரு வாக்கியத்தை ஒழுங்கா முடிச்சதில்ல, சார்.
மேலே ஜெட் போகும்,
டீச்சர் வாயைத் திறந்தபடி நிப்பாங்க.
அம்மாவும் சித்தப்பாவும் சண்டைக்கு நடுவுல நின்னு,
அது போனதும்
விட்ட சொல்லுலேருந்து தொடருவாங்க.
எங்க பேச்சை அறுத்துட்டுப் போறது யாருன்னு
ஒருநாள் பாக்கணும்."
நோட்டில் நட்சத்திரம் போட்டேன்.

இன்று, ஜாய்ஸ்டிக் ஒயரைச் சுற்றியபடி,
என்னைப் பார்க்காமல்,
"அண்ணனுக்காக" என்றாள்.
கர்னல் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"இதுக்குச் சுழியம்.
அடுத்த கேள்வி."

ஒன்பதாம் நாள் காலை.
வேலை முடிந்து நேரே ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டேன்.
ஊதா வழித்தடமாம்,
இத்தனை வருடமும் நீலம் என்று நினைத்தே ஏறியிருக்கிறேன்.
"இந்தச் சட்டை ஓகேவா?"
நிறத்தை என்னிடம் கேட்காதே,
இஸ்திரி நன்றாக இருக்கிறது.

பாதிப் படியில் திரும்பி ஏதோ சொன்னாள்.
சரியாக அப்போதுதான்
பாய லேபார் பக்கமிருந்து இரண்டு,
ஒன்றன் வாலில் இன்னொன்று.
உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.
தலையாட்டினேன்,
புரட்டிப் பார்க்காமலே, சரி என்று.
சத்தம் அடங்கியபோது
அந்தப் படியில் வேறு யார் யாரோ
வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.