தணிக்கைக் குறிப்பு மூன்றுக்கு விளக்கம்

ஐயா,
இரண்டு மீட்டர் எழுபது சென்டிமீட்டர் சேறு
இருப்புப் பதிவேட்டில் ஏன் ஏறவில்லை
என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேரூர்க் குளத்து வடகரையோரம்
கும்பப்பூ அறுப்பு முடிந்த மாசியில்
தாமரையை விலக்கி எடுத்தது அது.
குழாயை அழுத்தியது டெல்பின் ராணியும் நானும்.
வள்ளம் தாணுமூர்த்தியுடையது.
ஜிஎஸ்டி எண் கேட்டதற்கு
"வள்ளத்துல ஓட்டைதான் உண்டு, நம்பர் இல்ல" என்றார்.
ரசீது வெள்ளைத்தாளில் இருப்பது அதனால்தான்.
கையெழுத்தைச் சுற்றியுள்ள கறையும்
ஆய்வுப் பொருளே.

மேல் முழம் கறுப்பு.
சாக்கடை நாற்றம், ஒரு ஷாம்பு பாக்கெட்டின் நீல ஓரம்.
அதற்குக் கீழே சாம்பல்.
அதற்கும் கீழே பழுப்பில் நத்தை ஓடுகள்,
நாரை தின்று போட்டவையோ
தாமாகச் செத்தவையோ.
கடைசிச் சாணில் நீலம் பாய்ந்த களிமண்;
மூக்கருகே கொண்டுபோனால் மணக்குடிக் காயல் வாடை.
டெல்பின் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
அதற்குச் செலவுத் தலைப்பு இல்லை.

கூட்டாய்வு என்று நிதி தந்தீர்கள்,
ஆகவே நீளவாக்கில் பிளந்தோம்.
பாதி லக்னோவுக்கு, மகரந்தம் எண்ண.
கால் கொச்சிக்கு, சிப்பியும் பாசியும் பார்க்க.
மீதிக் கால் நாகர்கோவிலில்,
வேதியியல் துறையோடு பங்கு போடும் குளிர்பெட்டியில்.
மூன்று நாள் மின்சாரம் போனபோது அதைக் காத்தது
பார்வதிபுரத்து மீன்கடை ஐஸ்.
வவுச்சர் நாற்பத்தொன்று,
நீங்கள் சிவப்பில் வட்டமிட்டது.

வயது பார்க்க ஐந்துக்குத்தான் பணம்.
ஐம்பத்து நான்கு துண்டில் எந்த ஐந்து?
மூன்று ஊரும் திரையில் முகம் காட்டிச் சண்டையிட்டோம்.
நெல் தொடங்கிய இடம் வேண்டும் என்றது லக்னோ.
உப்பு முடிந்த இடம் வேண்டும் என்றது கொச்சி.
நான் நத்தைகள் நின்றுபோன இடத்தைக் கேட்டேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

ஐப்பசியில் ஒரு படம் வந்தது.
ஒற்றைக் கண்டல் மகரந்தம்,
மூன்று வாசல் வைத்த குட்டி உருண்டை.
கடல் இதுவரை வந்திருக்கலாம்.
காற்று கொண்டுவந்து போட்டிருக்கலாம்.
ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
இன்னும் முந்நூறு எண்ண வேண்டும்;
எண்ணுகிற பெண்ணின் ஒப்பந்தம்
அந்த மாதத்தோடு முடிந்தது.

பதிவேட்டுக்கு வருகிறேன்.
பொருள்: சேறு.
எண்ணிக்கை: ஒன்று என்று எழுதி
அடித்துவிட்டேன்.
'பெறப்பட்ட தேதி' என்ற கட்டத்தில்தான்
பேனா நின்றுவிட்டது.
அது தெரியாமல்தானே ஐயா
பணம் கேட்டோம்.

'கழிவு செய்த விதம்' காலியாக இருக்கிறது.
போன வாரம் தாணுமூர்த்தி போனில் சொன்னார்:
"நீங்க கொழாய் எறக்குன எடம் குழியா கெடக்கு, பாத்துக்கிடுங்க.
நாரை ஒண்ணு அங்கனயே நிக்கு."
வள்ள வாடகை இரண்டாயிரத்து நானூறு
இன்னும் நிலுவை.