ஜூன் மாதத்து இருட்டு

நுழைவுச்சீட்டு இரண்டாயிரம் குரோனா.
விற்பது இருட்டு.

ஜூனில் எங்கள் ஊரில் அது கிடைப்பதில்லை.
நள்ளிரவு தாண்டியும்
மலை விளிம்பில் வெளிச்சம் நிற்கும்,
கடன் வசூலிக்க வந்தவனைப் போல;
போ என்றால் போகாது.

ஹெர்ரிங் மீனின் எண்ணெய் தேக்கிய பழைய இரும்புத் தொட்டி.
உள்ளே கறுப்பு அடித்து
வாசலுக்கு மூன்று திரை தொங்கவிட்டு
யோருன் ரெய்க்யவிக்குக்குத் திரும்பிவிட்டாள்.
படைப்புக்குப் பெயர் வைக்கவில்லை.
சுவரில் ஓர் அம்புக்குறி மட்டும்.

என் வேலை, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவது.
பதினோரு எட்டு. இடப்பக்கம் பெஞ்சு.
"உட்காருங்கள். கால்மணி நேரம் பொறுங்கள்.
எதிரே மெல்லிய வெளிச்சம் ஒன்று இருக்கிறது,
கண் பழகினால் தெரியும்."
ஒரு நாளைக்கு நாற்பது தடவை.
முகம் இல்லாமல் பேசிப் பேசி
என் குரல் எனக்கே பக்கத்து வீட்டுக்காரியுடையது.

முதலில் எல்லாரும் தம் கையைத்தான் தேடுகிறார்கள்.
சட்டை உரசுவது கேட்கும்.
பிறகு யாரோ எச்சில் விழுங்குவது,
யாருடைய வயிறோ, என்னுடையதோ.
எழுபது வருஷமாகியும் இரும்பை விட்டுப் போகாத எண்ணெய் வாடை
மழை நாளில் நாக்கில் படியும்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருக்கிறதென்று
பாதியில் எழுந்தவர்கள் உண்டு.
படகுக்காரன் கெட்டில் தூங்கவே வருகிறான்.
அவன் குறட்டையை
ஜெர்மன் தம்பதி ஒன்று ஒலியமைப்பு என்று பாராட்டிப் போனது.
ஆறு வயது உல்ஃபார்
கால்மணி நேரமும் எல்லாருக்கும் நாக்கைத் துருத்திக் காட்டியதாக
வெளியே வந்து ஒப்புக்கொண்டான்.

வாசலில் ஒரு நோட்டு. பார்த்ததை எழுதலாம்.
நீலம்.
தண்ணீர் கலந்த பால்.
வட்டம். வட்டமில்லை. மூச்சு விட்டது.
என் அம்மாவின் ஆஸ்பத்திரி ஜன்னல்.

வியாழக்கிழமை, மின்விசிறி பார்க்க வந்த ஓர்முர்
ஏணியில் நின்றபடி அந்த விளக்குப் பெட்டியையும் திறந்தான்.
வயர் கழன்று கிடந்தது.
மீட்டர் பதிவைப் புரட்டிவிட்டுச் சொன்னான்:
"ஒன்பது நாளாய் இதில் கரண்டே இல்லை."

நோட்டை எடுத்து எண்ணினோம்.
ஒன்பது நாளில் எழுதியவர் இருநூற்றுப் பதினேழு.
நீலம் மட்டும் எண்பத்து மூன்று.
ஒன்றும் தெரியவில்லை, மன்னிக்கவும்
என்று எழுதியவர்கள் நான்கே பேர்.
அதில் ஒருத்தி ஓர்முரின் மனைவி.
கண்ணாடியை மாற்ற வேண்டுமென்று
திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறாளாம்.

யோருனுக்குப் போன் செய்தேன்.
வெகுநேரம் அந்தப் பக்கம் டிராம்பெட் மாதிரி ஏதோ ஒரு லாரி ஹார்ன்.
"நீ பார்த்தாயா?"
"தினமும். கடைசி ஆள் போனபின் ஐந்து நிமிஷம் உட்காருவேன்.
கொஞ்சம் வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது.
ஈரத்தில் பலகை சாய்ந்திருக்கும் என்று நினைத்தேன்."
"எவ்வளவு பெரிது?"
"கட்டைவிரல் நகம்."
அவள் எழுதிக்கொள்வது கேட்டது.
சரிசெய் என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை.

ஓர்முர் கேட்கவில்லை. வயரை முறுக்கினான், டேப் சுற்றினான்,
கையெழுத்து வாங்கினான்.
மனைவியிடம் என்ன சொல்வான் என்று நானும் கேட்கவில்லை.

அன்று சாத்துவதற்கு முன் உட்கார்ந்தேன்.
எட்டு நிமிஷம். பத்து.
எதிரே யோருனுடைய வெளிச்சம் வந்தது,
வைத்த இடத்தில், நேராக, சொன்ன சொல் தவறாமல்.
வலப்பக்கம் கீழே
மற்றது
போகாமல் இருந்தது.

திரைகளை விலக்கி வெளியே வந்தேன்.
இரவு பதினொன்று. வெயில் கண்ணில் குத்தித் தண்ணீர் வந்தது.
பூட்டப்போகிறேன் என்று கையை ஆட்டினேன்.
கெட்டில் தலையணையோடு நின்றுகொண்டிருந்தான்.