எட்டாவது பல்

மண்டைக்காட்டில் ஏதோ ஏலத்தில் எடுத்ததாம்.
பீர்கண்ணு அதை வலைப்பையில் கொண்டுவந்து
என் மேசையில் வைத்தார்.
இரண்டரைக் கிலோ சாளையின் கனம், கறுப்பு.
"பேசணும் வே. காட்சிக்கு வைக்க இல்ல."

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்.
செம்புக்கம்பி சுற்றிய எதுவும்
மணவாளக்குறிச்சியில் என்னிடம்தான் வந்து சேரும்.

அடித்தட்டில் நாலு திருகு. மூன்று வந்தது.
நாலாவதற்கு மண்ணெண்ணெய் விட்டுவிட்டு
சாயா குடிக்கப் போனேன்.
திரும்பி வந்து திறந்தால்
இரண்டு பல்லிமுட்டை ஓடு,
மணிக்கிண்ணத்தின் விளிம்பில் பச்சைக் களிம்பு,
ரிசீவருக்குள்ளே
காந்தத்துக்குத் தாடி.

எங்கள் கடற்கரையின் கருமணல்தான்.
காதுத்துளை வழியே ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து
யார் யார் பேச்சிலோ
கரகரவென்று தானும் கலந்திருக்கிறது.
ஊதினால் போகாது, துடைத்தால் இடம் மாறும்.
சப்பாத்தி மாவை உருட்டி
ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
மாவு கறுத்தது. காந்தம் வெளுத்தது.

மணியின் காயில் அறுந்திருந்தது.
தலைமயிரை விட மெல்லிய கம்பி,
மூவாயிரம் சுற்று.
ஆயிரத்து எழுநூறில்
யாரோ வந்து மிக்ஸி என்னாச்சு என்று கேட்க
எண்ணிக்கை விட்டுப்போய்
மறுபடியும் ஒன்று.

கடை லைனில் கொடுத்தேன்.
டயல் டோன் வந்தது, மழைக்குளத்துத் தவளை போல,
மூச்சுவிடாமல்.

முதல் அழைப்பு யாருக்கு?
முட்டத்துக் கஸ்பாருக்கு.
மோட்டார் கட்டிய கூலி பாக்கி வைத்திருக்கிறான்,
செல்லில் கூப்பிட்டால் எடுப்பதில்லை.
வீட்டு நம்பர் எட்டில் முடியும்.

"ஐஸ் கம்பெனி."
"கஸ்பார் இல்லியா?"
"இல்ல. கட்டி வேணுமா, பொடி வேணுமா?"

மறுபடி சுற்றினேன். ஐஸ் கம்பெனி.
விரலை இழுத்துப் பிடித்து மெதுவாக விட்டேன்.
ஐஸ் கம்பெனி.
நாலாவது தடவை அந்தப் பெண் வைக்கவில்லை.
"கடைசியில என்ன சுத்துறீங்க?"
"எட்டு."
"இங்க ஏழு. ஒண்ணு எங்கயோ விழுந்து போவுது.
எங்க ஸ்டீபனும் இப்படித்தான்,
எட்டு கட்டின்னு எழுதுவான், வண்டியில ஏழு இருக்கும்.
ஒம்பது சுத்திப் பாருங்க."

ஒன்பது சுற்றினேன்.
கஸ்பார் எடுத்தான்.
என் குரல் கேட்டதும் வைத்தான்.
சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

ராத்திரி டயலைக் கழற்றினேன்.
ஏழு வரைக்கும் கணக்கு சுத்தம்.
எட்டு, ஒன்பது, பூஜ்யம்
மூன்றும் ஒன்று குறைந்தே திரும்பின.
அப்படியென்றால் திரும்புகிற முனையிலிருந்து
எட்டாவது பல்.
லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
கிரீஸ் கல்லாக இறுகி
பல்லின் இடுக்கை அடைத்திருந்தது.
அதன் நடுவில் ஒரே ஒரு மணல், கறுப்பாக,
சட்டமாக உட்கார்ந்திருந்தது.

தையல் ஊசியால் நெம்பினேன்.
எங்கே தெறித்ததோ, தேடவில்லை.
ஒரு சொட்டு எண்ணெய்.
பூஜ்யத்தில் விரலை வைத்து முழுக்க இழுத்து விட்டேன்.
டயல் திரும்பி வந்தது, அவசரப்படாமல்,
பத்தும் பத்தாக.

காலையில் பீர்கண்ணு வருமுன்
எட்டு சுற்றினேன். கஸ்பார் வீடு.
அவன் மனைவி எடுத்து, அவன் கடலில் என்றாள்.
பின்னால் அவன் இருமியது
தெளிவாகக் கேட்டது.
ரிசீவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை.

பிறகு ஏழு.
"ஐஸ் கம்பெனி."
"நேத்து நாலு தடவை கூப்பிட்டேனே."
"ஆ, எட்டா? இன்னும் சரியாவலியா?
மறுபடியும் ராங் நம்பர்தான், பாத்துக்கிடுங்க."
"இல்ல. சரியாயிட்டு.
இப்ப ஏழுதான் சுத்தினேன்."

அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தம்,
யாரோ "ஜெசிந்தா" என்று கூப்பிடுகிற சத்தம்.
நடுவில் கரகரப்பு இல்லை.

"சரி, வைங்க" என்றாள்.
"லோடு வந்திருக்கு. எண்ணணும்."