சூடு ஆறுமுன்

நாலு டம்ளர் இட்டிலி அரிசி
காலையிலேயே ஊறப்போட்டாயிற்று.
மூன்று நாளாகப் பேச்சில்லாத வீட்டில்
அரிசி ஊறுகிற சத்தம்கூடக் கேட்கிறது.

காரணம் பெரிதில்லை, சின்னதும் இல்லை.
பெருந்துறை சிப்காட்டில் கூட வேலை செய்கிறவனின்
பைக் லோனுக்கு
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்
ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார் பூபதி.
பேங்க்காரன் போன் பண்ணித்தான் எனக்கே தெரியும்.

அன்றிலிருந்து மிதுனாதான் தபால்.
‘அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு.’
‘பசிக்கலைன்னு சொல்லு.’
‘பசிக்காட்டிப் போகட்டும்னு சொல்லு.’
எட்டு வயசுக்காரி
கடைசிக் கடிதத்தை மட்டும் வழியிலேயே கிழித்துவிட்டு
‘அம்மா அப்புறமா வரச்சொன்னாங்க’ என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை, சந்தகை வேணும் என்றான் தர்ஷித்.
பாக்கெட் சேமியா ஆகாதாம்.
‘நீளமா, வெள்ளையா, பாலூத்தித் திங்கறது.’
சரியென்று சொன்ன பிறகுதான் உறைத்தது:
அது ஒற்றை ஆள் பிழிகிற பண்டமில்லை.

மாவைக் கெட்டியாக வழித்தேன்.
உப்பு, ஒரு கரண்டி எண்ணெய்.
தட்டில் ஈரத்துணி விரித்து ஊற்றி மூடினேன்.
தேங்காய் இரண்டு, முதல் பால் மட்டும்.
கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரையைக் கரைத்து வடிகட்ட
வடிகட்டியில் நின்றது
துளிக் கரும்புச் சக்கை, ஓர் எறும்பு.
ஏலக்காயை டம்ளர் அடியால் நசுக்கினேன்,
கொஞ்சம் பலமாகவே.

பரண்மேலிருந்து மூணுகால் மெஷினை
நானே இறக்கினேன்.
கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆவி பறக்க முதல் இட்டிலியைக்
குழலுக்குள் தள்ளிக் கைப்பிடியைத் திருகினால்
மெஷினும் கூடவே சுற்றுகிறது.
மிதுனா ஒரு காலைப் பிடித்தாள்.
தர்ஷித் இன்னொரு காலில் ஏறி உட்கார்ந்தான்.
மூன்றாவது கால்
சமையலறை முழுக்க எங்களை இழுத்துக்கொண்டு போனது.

‘மிதுனா, உங்கப்பாகிட்டப் போயி…’
போய் என்னவென்று சொல்வாள்?
சண்டை ஆற ஒரு வாரம்கூட ஆகட்டும்,
மாவு ஆற ஐந்து நிமிஷம்.
ஆறிவிட்டால்
எந்த பலசாலி திருகினாலும் இறங்காது.

‘ஏனுங்,’ என்றேன்,
கதவுக்குச் சொல்கிற மாதிரி.
‘வந்து புடிங்க. சூடு ஆறுது.’

டீவி நின்றது.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.
‘நீ புடி, நான் சுத்தறேன்.’
மூன்று நாளில்
என் முகம் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம்.

இறங்கியது சந்தகை,
தறியில் பாவு ஓடுகிற மாதிரி அறுபடாமல்.
நான் தட்டைத் திருப்பித் திருப்பி வாங்கினேன்.
அவர் நெற்றி வேர்வை
சொட்டப் பார்த்தது.
துண்டால் ஒற்றி எடுத்தேன்.
சுத்தத்துக்காகத்தான்.

பாதிக்கு எலுமிச்சை பிழிந்து தாளித்தேன்.
மீதிக்குத் தேங்காய்ப்பால்.
தர்ஷித் ஒரு நூலை வாயில் வைத்து உறிஞ்ச
அதன் வால் அவன் மூக்கில் அடித்துவிட்டு
உள்ளே போனது.
எல்லோரும் சிரித்தோம்.
சிரித்த பிறகு ஞாபகம் வந்து
நானும் அவரும் நிறுத்திக்கொண்டோம்.

‘நல்ல பையன் புள்ள, கட்டீருவான்.’
‘கட்டாட்டி?’
‘கட்டாட்டி நான் கட்டோணும்.’
‘நாம கட்டோணும்,’ என்றேன்,
கோபமாகத்தான் சொன்னேன்.
அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு,
‘கேட்டிருக்கோணும்,’ என்றார்.

மிதுனா எங்கள் இரண்டு பேரையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்
கொண்டுபோக ஒன்றும் இல்லை.
கிண்ணத்தை நீட்டினாள்.
‘இன்னும் கொஞ்சம் பாலு.’

மெஷின் தொட்டியில் ஊறுகிறது.
ஓட்டை ஓட்டையாய்க் குண்டூசி விட்டுக்
கழுவவேண்டும்.
யார் என்பது
இன்னும் பேசி முடியவில்லை.