கிணறு இறைத்த கணக்கு

வெள்ளம் வடிந்து நாலாம் நாள்
தண்ணீரூற்றில் குடிக்கத் தண்ணீர் இல்லை.
எல்லாக் கிணற்றிலும் குளம் வந்து குந்தியிருந்தது,
செத்த கோழியோடு, மலசலகூடக் கசிவோடு,
யாருடையதோ ஒரு பள்ளிக்கூடச் சப்பாத்தோடு.

கோயில் கணக்குப் பார்ப்பவன் என்பதால்
கொப்பியை என்னிடம் தந்தார்கள்.
நாற்பத்தொரு கிணறு.
மோட்டர் சபைப் போதகர் எபனேசருடையது.
குழாய் பள்ளிவாசலுடையது.
குளோரின் தூள், சிஸ்டர் மெற்றில்டா
முல்லைத்தீவில் நின்று சண்டை பிடித்து வாங்கியது.
கோயில் தந்தது அன்னதானக் கிடாரத்தையும்
என்னையும்.

போன ஆனியில்
போதகரின் ஒலிபெருக்கிக்கு எதிராகப்
பிரதேச சபைக்குப் போன மனுவில்
முதல் கையெழுத்து என்னுடையது.
அது அவருக்குத் தெரியும்.
அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.
ஒரே கயிற்றை இரண்டு இடத்தில் பிடித்துக்கொண்டு
மழையைப் பற்றிக் கதைத்தோம்.

தொடங்குமுன் தேவாரமா, துஆவா, செபமா,
எது முதல் என்பதிலேயே
முக்கால் மணித்தியாலம் போனது.
"முதலில மோட்டரை ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார் சிஸ்டர்.
அது ஸ்டார்ட் ஆகவில்லை.
ஒன்பது தரம் இழுத்தோம்.
பத்தாவது இழுப்பில்
அவரவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தது கேட்டது.
பிடித்துக்கொண்டது.
யாருடையது பலித்தது என்று
இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.
பிளக்கில் ஈரம் என்றான் முபாரிஸ்.

வெள்ளி மத்தியானம் இல்லை, ஞாயிறு காலை இல்லை,
பிரதோஷத்தன்று நவம் கிணற்றில் இறங்கமாட்டான்.
மிச்ச நாளில் மழை.
எண்டாலும் பதினேழு முடிந்தது.

பதினெட்டாவது தவமலர் வளவு.
கிணற்றுக் கட்டில் கை ஊன்றி நின்றாள்.
"இறையுங்கோ. வத்த மட்டும் இறைக்காதேங்கோ."
ஏனென்று கேட்க வாயெடுத்தேன்,
கொப்பியில் அதற்கொரு நிரல் இருக்கிறது.
"வெளிக்கிடேக்க போட்டது" என்றாள்.
"பொலித்தீனில சுத்தி, அம்மிக்கல்லைக் கட்டி.
அவன்ர சாமானுகள்.
அது கிடக்கட்டும்."

மோட்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.
டீசல் போகிறதே என்றுகூட
எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஜெஸீம் நானா குழாயைக் கீழே வைத்தார்.
"எங்கட கிணத்திலயும் ஒண்டு கிடக்கு, தங்கச்சி.
தொண்ணூறில போட்டது."
"திரும்பி வந்து எடுக்கேல்லையோ?"
"இல்லை.
அதுக்கு மேலதான் அள்ளிக் குடிக்கிறம்."

நவம் ஏணியில் பாதியில் நின்றபடி கேட்டான்,
எவ்வளவு விட?
அவள் தன் கையை நீட்டினாள்,
விரல் நுனியிலிருந்து தோள்மூட்டு வரை.
அந்த அளவு வந்ததும்
போதகர் மோட்டரை நிறுத்தினார்.
அவ்வளவு அமைதியாக
அவர் எதையும் செய்து நான் கண்டதில்லை.
சிஸ்டர் தூளைத் திருப்பி அளந்தார்,
கிடந்த தண்ணீருக்கும் சேர்த்து.

பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர் வந்து
கொப்பியை விரல் வைத்து வாசித்தார்.
முழுதாக இறைத்தது: ஆம், ஆம், ஆம்,
பதினெட்டில் மட்டும் இல்லை.
என்ன காரணம்?

இருபத்திரண்டு வருசம் கோயில் கணக்கில்
ஒரு சதம் பொய் எழுதாத கை.
எழுதினேன்:
ஊற்று வேகம். இறைக்க இறைக்க வந்தது.
அவர் என்னைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார்.
சாட்சிக்கு ஆர் என்றார்.
போதகர் பேனையை வாங்கினார்.
பிறகு நானா. பிறகு சிஸ்டர்,
அழகான சாய்வெழுத்தில், திகதியும் போட்டு.

டீசலில் இன்னும் நாலாயிரத்து முந்நூறு பாக்கி.
கோயில் தருவதா பள்ளி தருவதா என்று
நேற்றும் கூட்டம் நடந்தது.
முடியவில்லை.